ஏழரைச் சுற்று

மூவாயிரம் மீற்றர் என்றால் ஏழரைச் சுற்று.
'ஏழரை பிடிச்சவள்' என்றுதான்
கஜரூபன் என்னைக் கூப்பிடுவான்.

போன வருடம் ஐந்தாம் சுற்றில்
இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.
மழை இல்லை. கால் சுளுக்கவில்லை.
சும்மா நின்றேன்.
அதைத்தான் யாருக்கும் விளக்க முடியவில்லை.

மாசியில் ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள்.
நுவரெலியாவிலிருந்து வந்த உத்தியோகத்தர்
கண்ணை மூடச் சொன்னார்,
முடிவுக் கோட்டைப் பார்க்கச் சொன்னார்.
பக்கத்தில் நிரோஜினி
ரிப்பனையே அறுத்துவிட்டாள், முகத்தில் தெரிந்தது.
எனக்கு வந்தது
டன்பார் மைதானத்தின் பின்பக்கக் கம்பிவேலி,
அதில் காய்ந்த யாருடையதோ ஒரு துவாய்,
அதைப் பார்த்தபடி நான்.

சரி, அங்கிருந்தே தொடங்குவோம் என்று
இரவில் பாயில் படுத்தபடி ஓடினேன்.
அடுத்த காம்பிரா நிரோஜினியின் போனில் நேரம் வைத்து,
கண்ணை மூடி, ஏழரையும்.
முதல் நாள் நாலு நிமிடத்தில் முடிந்தது!
மனசு ஒரு கள்ளி.
மூச்சு வாங்குகிற இடத்தையெல்லாம்
குறுக்குப் பாதையில் தாண்டியிருக்கிறது.

அதனால் அவளை ரயிலில் ஏற்றினேன்.
ஹட்டனில் வெடிச்சத்தம்.
முதல் அரைச் சுற்று சிங்கமலைச் சுரங்கம்:
இருட்டு, முழங்கைகள், யாரையும் முந்தாதே.
பிறகு கொட்டகலை.
சென் கிளேயர்.
தலவாக்கலை, அங்கே தோளை இறக்கிவிடு.
வட்டகொடையில் தொண்டை காயும், காயட்டும்.
கிரேட் வெஸ்டர்னில் அந்தக் குரல் ஏறும்.
ரதல்ல. நானுஓயா.
ஒரு தரிப்பையும் விடாமல்
ஒவ்வொன்றிலும் வலியை இறக்கி ஏற்றி.

குரல் என்ன சொல்லும் என்று
கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்.
ஷூ பெரிசு.
காய்ச்சல் வருது போல.
முன்னால போறவள் பால் குடிச்சு வளர்ந்தவள்.
நின்றால் யார் கேட்கப் போறாங்க?
பத்தாம் கிழமை
பாயில் பதினொரு நிமிடம் இருபது வினாடி.
எழும்பியபோது கெண்டைக்கால் நடுங்கியது,
நிரோஜினி பேய் என்றாள்.

அன்றைக்கு நண்பகலிலேயே மூட்டம் இறங்கியது.
எங்கள் பாடசாலைக்கு ஒரே ஒரு ஸ்பைக்ஸ்,
நுனியில் பேப்பர் திணித்துப் போட்டுக்கொண்டேன்.
சுரங்கம் சரியாகப் போனது.
வட்டகொடையில் தொண்டை, சொன்னபடியே.
கிரேட் வெஸ்டர்னில் குரல் வந்தது:
ஷூ பெரிசு.
தெரியும், முதல் வரி.
காய்ச்சல் வருது போல.
இரண்டாம் வரி, ஏறு, உட்காரு.
மூன்றும் நான்கும் வந்து உட்கார்ந்தன.

பின்பக்கக் கம்பிவேலியில் அம்மா.
தலைத்துண்டைக்கூட அவிழ்க்காமல்
மலையிலிருந்து நேராக வந்திருக்கிறாள்.
அப்போது குரல்
கொப்பியில் இல்லாத ஒன்றைச் சொன்னது:
உங்கம்மாவுக்கு இன்றைக்கு அரைப் பேர்.
உனக்கும் அரைதான்.

இதற்கு நான் பதில் எழுதி வைக்கவில்லை.
வேலி வந்தது. நிற்கிற இடம் வந்தது.
பதில் இல்லாமலே
இடது காலை வைத்தேன். வலது.
அது என்னோடு ரதல்ல வரைக்கும் வந்தது,
பேசிக்கொண்டே வந்தது,
எங்கே இறங்கியது என்று பார்க்கவில்லை.

நாலாவது.
பதினொன்று பதினேழு.
பாயில் ஓடியதைவிட மூன்று வினாடி குறைவு,
அந்த மூன்றையும் எந்தத் தரிப்பில் மிச்சம் பிடித்தேனோ.

'எத்தனையாவது?' என்றாள் அம்மா.
'நாலு.'
'போன வருஷம்?'
'போன வருஷம் நான் வந்தே சேரலம்மா.'
அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்,
அதற்குள் எண்ணூறுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.
நிரோஜினி புல்லில் உட்கார்ந்து
என் காலிலிருந்து ஷூவை இழுத்தாள்.
'சுடுதடி, ஈரம் வேற' என்று திட்டியபடி
பேப்பரை எடுத்து எறிந்துவிட்டு,
அவளுக்கு அது சரியான அளவு,
கண்ணை மூடினாள்.